இருநூறு வாட் சாட்சியம்

இரண்டு மணி ஐம்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

மாரிகுப்பம் போலீஸ் அவுட்போஸ்ட்டின் சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. பங்காருபேட்டை பாசஞ்சர் இரண்டு நாற்பதுக்குப் புறப்படும். அதில் கைவிலங்கோடு மாணிக்கராஜை ஏற்றிவிட்டால் சாயங்காலத்துக்குள் கோலாரில் ரிமாண்ட் எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனை வெளியே எடுக்க எத்தனை மாதம் ஆகும் என்று, துப்பறிய வந்திருந்த கண்மணியால் சொல்ல முடியாது. வாசல் பெஞ்சில் சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லூயிசாவுக்கு அதைச் சொல்லவும் முடியாது. அவள் மாணிக்கராஜின் மனைவி; இது அவளுக்கு எட்டாவது மாதம்.

"கேஸ் ரொம்ப சிம்பிள் அம்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் நஞ்சப்பா. "திங்கக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குச் சுரங்க ஸ்டோர்ல ஸ்டோர்கீப்பர் எண்ணிப் பாத்தப்போ செம்புக் கம்பிச் சுருள் எல்லாம் இருந்துது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பன்னெண்டு சுருள் இல்லை. பின்பக்கப் பூட்டைச் சுத்தியலால உடைச்சிருக்காங்க. முன்னாடி வாட்ச்மேன் சின்னப்பா உக்காந்திருக்கான். அவனுக்கு ஒண்ணும் கேக்கலை. ஏன் கேக்கலை?"

"நீங்களே சொல்லுங்க" என்றாள் வின்னி. "கேள்வியும் உங்களுது, லாக்-அப்பும் உங்களுது."

வின்னி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். சந்தாதாரர் ஒருவரிடம், "நம்பர் சரிதான் சார், நீங்கதான் ராங்" என்று சொன்னதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். ராபர்ட்சன்பேட்டையில் சைக்கிள் கடை மாடியில் கண்மணி துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது, பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த முதலாளிக்குப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. வின்னிக்குப் பேச ஓர் இடம் தேவைப்பட்டது.

நஞ்சப்பா அவளைக் கண்டுகொள்ளவில்லை. "அஞ்சரையிலேர்ந்து ஆறுவரைக்கும் இவன் சவுண்ட் கார் ஸ்டோர் வாசல்ல நின்னுது. காது கிழியற சத்தம்னு வாட்ச்மேன் எழுதிக் குடுத்திருக்கான். மத்த நேரமெல்லாம் அமைதி, ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்னும் எழுதியிருக்கான். அப்போ பூட்டு உடைஞ்சது எப்போ? அந்த அரை மணியில. திருடனுக்காக இவன் சத்தம் போட்டிருக்கான். அஷ்டே, அவ்வளவுதான்."

கம்பிக்குப் பின்னால் மாணிக்கராஜ் எழுந்து நின்றான். சினிமாக் கொட்டகைக்கு விளம்பரம் செய்யும் குரல் அவனுக்கு. லாக்-அப்பில் அந்தக் குரல் தேய்ந்து போயிருந்தது.

"சார், பங்க்சர் ஆச்சி. ஸ்டெப்னி மாத்த நின்னேன். சத்தமே வைக்கல சார்."

"வண்டி மேல என்ன எழுதி வச்சிருக்கே?"

மாணிக்கராஜ் வெளியே வண்டிப் பக்கம் பார்த்தான்.

வண்டி முற்றத்தில் நின்றது. பழைய லேண்ட்மாஸ்டர். கூரையில் ஹாரன் ஸ்பீக்கர். கதவில் சிவப்பு எழுத்தில் 'தங்கவயலிலேயே பெரிய சத்தம், 200 வாட்'.

கண்மணி பின் சீட்டில் இருந்த ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டு மூடியைத் திருகினாள். உள்ளேயிருந்து விரல் நுனி அளவுக் கண்ணாடிக் குழாய் ஒன்று வெளியே வந்தது. அதை நஞ்சப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஃபியூஸ். இன்னா எழுதியிருக்குன்னு பாருங்க."

"அஞ்சு ஆம்பியர்."

"கார் பேட்டரி பன்னெண்டு வோல்ட். பன்னெண்டை அஞ்சால பெருக்கினா அறுபது வாட். இந்தப் பெட்டிக்குள்ள அதுக்கு மேல போனா ஃபியூஸ் எரிஞ்சிடும். அறுபது உள்ள போய் இருநூறு வெளிய வருமா?"

"வந்தா சொல்லுங்கக்கா" என்றாள் வின்னி. "எங்க வூட்டு அரிசிப் பானையை அதுல வைக்கறேன்."

கண்மணி லாக்-அப் பக்கம் திரும்பினாள். "உண்மையில எவ்வளவு, மாணிக்கராஜ்?"

அவன் லூயிசாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "இருவத்தஞ்சி" என்றான். "பாட்டுல ஒரு மோளம் பலமா வுழுந்தா கண்ணு மூடித் தொறக்கற நேரம் அம்பது வரும். பாக்கியெல்லாம் நம்ம பெயிண்டர் போட்டது. எதிர்க் கம்பெனிக்காரன் நூறுன்னு எழுதிட்டான். நான் இன்னா பண்றது?"

"தீபாவளிக்கு ஒரு நாள் பிரியாணி தின்னுட்டு, தெனமும் பிரியாணின்னு போர்டு மாட்டின கதை" என்றாள் வின்னி.

"அந்த இருநூறு நிஜமாவே இருந்திருந்தாக்கூட எட்டு மடங்கு சத்தம் வராது" என்றாள் கண்மணி. கரும்பலகை முன்னால் நின்றால் வரும் தைரியம் அவளுக்கு இப்போது வந்திருந்தது. "வாட்டை இரட்டிச்சா காதுக்கு ஒரு சின்னப் படிதான் ஏறும். இருபத்தஞ்சிலேர்ந்து இருநூறுக்கு மூணு படி. கேக்கறவங்களுக்கு ரெண்டு மடங்குகூட முழுசா தெரியாது."

நஞ்சப்பா யோசித்தார். பிறகு ஃபியூஸை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ இவனோட இருபத்தஞ்சு வாட், இருநூறுல பாதிக்கு மேல சத்தம் போடும். அல்லவா? பூட்டு உடைக்கிறதை மறைக்க அது போதும். ரொம்ப தேங்க்ஸ் அம்மா. கேஸை நீங்களே கெட்டியாக்கிட்டீங்க."

கணக்குச் சரி. கண்மணி போட்ட வலையில் மாணிக்கராஜ் இன்னும் ஒரு சுற்று இறுகிவிட்டான்.

வின்னிதான் கேட்டாள். "ஏன் சத்தமே வைக்கலன்னு சொன்னே?"

"ஸ்டோருக்கு எதுத்தாப்புல நைட் ஷிஃப்ட் ஆளுங்க லைன் வூடுங்க கீது. ஆறு மணி வரைக்கும் தூங்குவாங்க. அந்த ரோட்டுல எந்த சவுண்ட் காரும் ஹாரன் போடாது. போன வருசம் சர்க்கஸ் வண்டிக்காரன் மறந்துட்டான். அவன் ஹாரன் இன்னும் அங்க வேப்பமரத்துல தொங்குது." மாணிக்கராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஹாரன் ஒயரைக் கழட்டிட்டேன்கா. டிக்கியில ஒரு மரப்பெட்டி வச்சிருக்கேன், பதினஞ்சி இஞ்ச் ஸ்பீக்கர். மோளத்துக்கு மட்டும் தும்முனு பேசும். ஸ்டெப்னி அதுக்குக் கீழ இருந்துது. பெட்டியைத் தூக்கி ஸ்டோர் பலகை மேல வச்சேன். அது மட்டும் சன்னமா ஓடிகினு இருந்துது."

"லைன்ல காலையிலேயே விசாரிச்சிட்டேன்" என்றாள் கண்மணி. "பதினோரு வீடு. ஒருத்தருக்கும் தூக்கம் கெடலை."

"கையெழுத்துப் போட்ட சாட்சி ஒருத்தன்தான்" என்று கடிகாரத்தைப் பார்த்தார் நஞ்சப்பா. "அவன் மாத்திச் சொன்னா பாக்கலாம். ரெண்டு நாற்பது வரைக்கும்."

* * *

ஸ்டோர் மூன்று மைல் தள்ளி இருந்தது. வின்னியின் சைக்கிளில் இருவரும் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

தகரச் சுவர், தகரக் கூரை. லாரியிலிருந்து சரக்கு இறக்க வசதியாகத் தரையை இடுப்பு உயரத்துக்கு மரப்பலகையால் போட்டிருந்தார்கள். அதே பலகை வாசலைத் தாண்டி வெளியே மேடையாக நீண்டிருந்தது. மேடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் சின்னப்பா.

ஐம்பதை ஒட்டிய வயது. பதினெட்டு வருடம் சுரங்கத்துக்குள் ஜாக்ஹாமர் பிடித்துப் பாறையில் துளை போட்டவர். முழங்கால் நசுங்கியதும் மேலே இந்த வேலை கொடுத்திருந்தார்கள். அவர் கத்தித்தான் பேசினார். சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர்கள் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். தங்கவயலில் அதை யாரும் கவனிப்பதில்லை.

"எவ்வளவு சத்தம்ணா இருந்துது?" என்று கேட்டாள் கண்மணி.

சின்னப்பா அவள் முகத்தையே பார்த்துக் கேட்டார். பிறகு நெஞ்சில் கையை வைத்தார். "இங்க இடிச்சிதுமா. ஸ்டூல் நடுங்கிச்சி. பல்லு நடுங்கிச்சி. என் ஆயுசுல அப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல."

பொய் சொல்பவன் கண் எங்காவது அலையும். இந்தக் கண் அலையவில்லை. கண்மணிக்கு அதுதான் உறுத்தியது.

"உள்ள போய்ப் பாக்கலாமா? பத்து நிமிசம்."

"பாருங்க. பின்கதவைத் தொடாதீங்க. இரும்புப் பட்டை வச்சி அடிச்சிட்டாங்க."

உள்ளே கிரீஸ் வாடையும் சணல் வாடையும் கலந்து அடித்தது. அலமாரி வரிசைகளைத் தாண்டிப் பின்கதவுக்குப் போனார்கள். கதவுக்குக் குறுக்கே மூன்று பட்டை. கண்மணி குனிந்து பழைய பூட்டு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்வாசலில் சின்னப்பாவின் குரல் கேட்டது.

"போயிட்டீங்களாம்மா?"

"இல்லண்ணா, இங்கதான் கீறோம்" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து கத்தினாள் வின்னி.

கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

வின்னி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அண்ணா. உள்ள ஆள் கீது." பதில் இல்லை. தகரத்தில் இரண்டு கையாலும் அடித்தாள். கிடாங் கிடாங்கென்று கூரைவரை அதிர்ந்தது. கதவோரம் ஆணி போன ஓட்டை ஒன்று இருந்தது. அதில் கண்ணை வைத்தாள்.

"ஸ்டூல்ல உக்காந்து பீடி பத்த வைக்கறாரு. இருபது அடி தூரம் இருக்கும். திரும்பக்கூட இல்லை."

மணி ஒன்று ஐந்து.

ஒன்றேகாலுக்கு வின்னியின் தொண்டை கம்மிவிட்டது. ஒன்றரைக்குக் கூரை தணலாய்க் காய்ந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டியது. ஜன்னல் கிடையாது. பக்கவாட்டுத் தகரத்தை நெம்பிப் பார்த்ததில் கண்மணியின் இரண்டு நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"தெளிவா புரிஞ்சிபோச்சிக்கா" என்று மூட்டை மேல் உட்கார்ந்தாள் வின்னி. "இவரும் கூட்டுதான். நான் பதில் சொன்னப்புறம்தான் கதவைச் சாத்தினாரு. ரெண்டு நாற்பதுக்கு வண்டி போனதும் வந்து தொறப்பாரு. ஐயோ பாவம், மறந்துட்டேன்னு சொல்வாரு. எக்ஸ்சேஞ்சுல எனக்கு மூணு லைன் ஒண்ணா கத்தும். அப்பக்கூட இப்படித் தொண்டை போனதில்ல."

கண்மணிக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. இருட்டில் தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. மாணிக்கராஜுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். உண்மையைச் சொல்கிறான், கேட்பவர் திரும்பக்கூட இல்லை.

ஓட்டையில் அவள் கண்ணை வைத்தாள்.

சின்னப்பா சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்புறம் வளைவில் ஒரு லாரி வந்தது. நடுச்சாலையில் எருமை ஒன்று. டிரைவர் ஹாரனை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். எருமை நகர்ந்தது. எதிர் லைனில் ஒரு பெண் வாசலுக்கு வந்து லாரிக்காரனைத் திட்டினாள். சின்னப்பா பீடியின் சாம்பலைத் தட்டினார்.

லாரி மேடைக்குப் பக்கத்தில் வந்தது. சரக்கு ஏற்றிய சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பலகை முனகியது. அப்போதுதான் சின்னப்பா தலையைத் திருப்பி லாரியைப் பார்த்தார்.

கண்மணி ஓட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வின்னி, அந்த மூட்டையில இன்னா இருக்கு?"

"ஆணி. உக்காந்தவளுக்குத்தான் தெரியும்."

"ஒரு பக்கம் புடி. தூக்கித் தரையில போடணும்."

"இவ்வளவு நேரம் கத்தினதுக்கே வராத ஆளு, இந்தத் தொப்புனு சத்தத்துக்கா வரப்போறாரு? தகரத்துல அடிச்சது இதைவிடப் பத்து மடங்கு இருந்துது."

"உனக்கு" என்றாள் கண்மணி. "புடி."

இருவரும் மூட்டையை முழங்கால்வரை தூக்கிப் பலகையில் போட்டார்கள். தும். சத்தம் பெரிதாக இல்லை, பாதத்தில்தான் ஏறியது. மறுபடி தூக்கினார்கள். தும். ஒரே இடைவெளியில் ஐந்தாறு முறை. வின்னி ஓட்டைக்கு ஓடினாள்.

"எழுந்துட்டாருக்கா." அவள் குரல் மாறியது. "ஆனா இந்தப் பக்கம் வரல. மேடை ஓரத்துல நின்னு ரோட்டை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பாக்கறாரு. எதையோ தேடறாரு."

"நிறுத்தாதே."

தும். தும். சின்னப்பா குனிந்தார். உள்ளங்கையைப் பலகையில் வைத்தார். பிறகு கதவைப் பார்த்து நொண்டி நொண்டி வேகமாக வந்தார்.

தாழ்ப்பாள் விலகி வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. ஆணி மூட்டையைப் பிடித்தபடி வேர்வையில் நனைந்து நின்ற இரண்டு பெண்களைப் பார்த்துச் சின்னப்பா ஒரு கணம் சிலையாகி நின்றார்.

"நீங்களா? உள்ளயா இருந்தீங்க?" அவர் முகம் வெளுத்தது. "நான் சவுண்ட் கார் வந்துட்டாப்புல இருக்குதுன்னு..."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

வின்னி வாயைத் திறந்தாள். கண்மணி அவள் கையைப் பிடித்தாள். மணி ஒன்று ஐம்பத்தைந்து.

"அண்ணா, அந்த மரப்பெட்டி இந்தப் பலகை மேல இருந்துதா?" என்று அவர் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாகக் கேட்டாள் கண்மணி.

"ஆமா." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் பொய் சொல்லலம்மா. சத்தியமா சொல்லல. நாலு வருசத்துல எனக்கு அது ஒண்ணுதான்..." கால் பாதத்தைப் பலகையில் தேய்த்தார். "மோளம். தெளிவா மோளம். வூட்டுக்காரி ரத்தினம்மா கையில போய்ச் சொன்னேன், இன்னிக்கு ஒருத்தன் இன்னாமா மோளம் போட்டான் தெரியுமான்னு. அவ அழுதா. மறுநாள் போலீஸ் வந்து சத்தம் பெருசான்னு கேட்டாங்க. பெருசுன்னேன். எனக்குப் பெருசுதான்."

"போலீஸ் எழுதினதுல இன்னொண்ணும் கீது. மத்த நேரத்துல ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்னு."

சின்னப்பா நசுங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"வாட்ச்மேன் வேற இன்னா சொல்லுவான்? டாக்டர் அன்ஃபிட்டுனு ஒரு சீட்டு எழுதினா வேலை போச்சி. வேலை போச்சின்னா லைன் வூட்டை ஒரு மாசத்துல காலி பண்ணணும். இருவத்தி நாலு வருசமா அந்த வூட்டுலதான் இருக்கறோம். எங்க போவேன்?"

அவரும் உள்ளேதான் இருக்கிறார் என்று கண்மணிக்குத் தோன்றியது. இந்தத் தாழ்ப்பாளைத் திறக்க எந்த மூட்டையைத் தூக்கிப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு நாற்பது வண்டியில மாணிக்கராஜைக் கோலாருக்கு அனுப்பறாங்க" என்றாள். "அவன் பொண்டாட்டிக்கு எட்டு மாசம். நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரைத் தவிர அவன் மேல வேற எதுவும் இல்ல. அது இல்லன்னா பூட்டு மத்தியானத்துலேர்ந்து எப்போ வேணா உடைஞ்சிருக்கலாம். நான் போய்ச் சொன்னா நஞ்சப்பா நம்பமாட்டாரு. நம்பினாலும், அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்லைண்ணா."

சின்னப்பா அணைந்த பீடியை மறுபடி மறுபடி விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சாவிக் கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். காவலை விட்டுப் போவதும் குற்றம்தான். அதை அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

வின்னி சாவிக்குக் கையை நீட்டினாள். "ஸ்டூலை எனக்குக் குடுங்க. யாராவது உள்ள போகணும்னா என் வாயைத் தாண்டித்தான் போகணும். இதுவரைக்கும் யாரும் தாண்டினதில்ல."

சின்னப்பா அவள் உதட்டைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

* * *

கண்மணி சைக்கிளை மிதித்தாள். அந்த முழங்காலோடு நடந்தால் ரயிலைப் பிடிக்க முடியாது என்பதால் சின்னப்பா கேரியரில் உட்கார்ந்தார். மூன்று மைலும் இருவரும் பேசவில்லை. அவள் முதுகைத்தான் அவர் பார்க்க முடியும். அதனால் அவளும் எதுவும் சொல்லிப் பயனில்லை. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு வெயிலில் வெள்ளையாகப் பின்னால் நகர்ந்தது. நடுவழியில் அவர் இறங்கிக்கொண்டால் தெரியாமல் போய்விடுமோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அவர் இருந்தார்.

ஸ்டேஷன் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தொன்று. எஞ்சின் நீராவியைச் சீறிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலோரம் மாணிக்கராஜ். விலங்கின் மறுமுனை ஒரு கான்ஸ்டபிள் கையில். வெளியே லூயிசா கேரியரை ஜன்னல் கம்பிக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அது நுழையவில்லை.

நஞ்சப்பா இவர்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனப்பா சின்னப்பா? சாட்சி மாத்த வந்தியா? யாராவது மிரட்டினாங்களா?"

சின்னப்பா அவர் முகத்தைப் பார்த்தார். "இல்ல சார்."

"அப்போ எழுதிக் குடுத்தது சரிதானே?"

"சத்தம் பெருசுன்னு சொன்னது எனக்குச் சரி. மத்தது தப்பு."

"மத்தது எது?"

கார்டு விசில் ஊதினார். நஞ்சப்பா அந்தப் பக்கம் திரும்பி, கை தூக்கி, ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார். திரும்பிய வாக்கிலேயே பேசிக்கொண்டும் போனார். "போலீஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு மாத்திச் சொன்னா உன்னையும் உள்ள வைப்பேன், தெரியுமா? வேலையும் போகும். யோசிச்சுச் சொல்லு. மத்தது எதுப்பா தப்பு?"

சின்னப்பா நஞ்சப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வரவில்லை. லூயிசா ஜன்னலை விட்டுத் திரும்பினாள். கண்மணிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பச்சைக் கொடி பாதி விரிந்தது.

சின்னப்பா கையை நீட்டி, சப்-இன்ஸ்பெக்டரின் தோளைத் தொட்டார். நஞ்சப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என் பக்கமா திரும்பிப் பேசுங்க சார்" என்றார் சின்னப்பா. எப்போதும்போல் உரக்கத்தான் சொன்னார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "எனக்குக் காது கேக்காது."